மலாவியின் துவரை வயலும் தில்லியின் அறிவிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க வேளாண்மையை மாற்றியமைத்து வறுமையையும் பசியையும் குறைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைக் கவனமாகப் படித்தேன். வீரிய விதையும் போதிய உரமும் நவீனக் கருவிகளும் சேர்ந்துவிட்டால், 1960-களில் இந்தியா கண்ட மாற்றத்தை ஆப்பிரிக்காவும் காணும் என்பது அக்கட்டுரையின் சாரம். விருதுநகரில் ஒரு பருப்பு ஆலையில் கணக்கராக இருந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்திறங்கும் ஆப்பிரிக்கத் துவரையின் வரவையும் விலையையும் பேரேட்டில் எழுதிவந்தவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். விளைச்சலைக் கூட்டும் வழி ஆப்பிரிக்க உழவர்கள் பலருக்குத் தெரியும். விளைந்ததை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்பது விதைக்கும்போது தெரியாததுதான் அவர்களைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த நிச்சயமின்மையில் நம் நாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு.

முதலில் நம் பசுமைப் புரட்சியைப் பற்றி. மெக்சிகோ கோதுமை விதை வந்தது என்பதையே நாம் அதிகம் பேசுகிறோம். அந்த விதை 1966-ல் பெருமளவில் கப்பலேறுவதற்கு முன்பே, சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்த காலத்தில், 1965-ல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலை ஆணையமும் அமைக்கப்பட்டுவிட்டன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது என்பதை நம்மவர்களே பலர் மறந்துவிட்டார்கள். அறுத்த நெல்லையும் கோதுமையையும் அறிவித்த விலைக்கு அரசே எடுத்துக்கொள்ளும் என்ற உறுதி இருந்ததால்தான், கடன் வாங்கி உரம் போடும் துணிவு பஞ்சாப் உழவருக்கும் தஞ்சை உழவருக்கும் வந்தது. கால்வாய்ப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் அந்தத் துணிவுக்குத் துணை நின்றன. சகாராவுக்குத் தெற்கே சாகுபடி நிலத்தில் மிகச் சிறு பகுதிக்கே பாசன வசதி உண்டு. மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. அங்கே தானிய விளைச்சல் எக்டேருக்கு ஒன்றரை டன் அளவிலேயே நிற்பதற்கு உழவரின் அறியாமையைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. மழையும் விலையும் இரண்டும் நிச்சயமில்லாத இடத்தில் கடன்பட்டு உரம் வாங்காதிருப்பதும் ஒரு விவேகமே.

கொள்முதல் அமைப்பு ஆப்பிரிக்காவில் இருந்ததே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் ‘அட்மார்க்’ என்ற அரசு வாணிபக் கழகம் சிற்றூர்கள் வரை கிடங்குகளும் விற்பனை நிலையங்களும் வைத்திருந்தது. அது உழவருக்கு நேர்மையான விலை தரவில்லை என்ற குற்றச்சாட்டு உண்டு. குறிப்பாகச் சிறு உழவரிடம் மலிவாக வாங்கி, அந்த ஆதாயத்தை வேறு தொழில்களில் போட்டது என்பது வரலாறு. ஆனாலும் மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருந்தது. 1980-களிலும் 1990-களிலும் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் கடனுக்கு விதித்த நிபந்தனைகளின் பேரில் இத்தகைய கழகங்கள் நாடு நாடாகச் சுருக்கப்பட்டன. குறைகளைத் திருத்தாமல் அமைப்பையே தளர்த்திவிட்டார்கள். அந்த இடத்தைச் சில்லறை வியாபாரிகள் நிரப்பினார்கள். அறுவடை முடிந்து வீட்டில் பணம் இல்லாத நேரம் பார்த்து அவர்கள் வருவதையும், தங்கள் தராசில் நிறுப்பதையும், அவர்கள் சொல்வதே விலையாவதையும் அந்நாட்டு உழவர்கள் நெடுநாளாக முறையிட்டுவருகிறார்கள். அரசு ஆண்டுதோறும் குறைந்தபட்ச விலையை அறிவிக்கத்தான் செய்கிறது. அந்த விலைக்கு வாங்கப் பணத்தோடு ஓர் அமைப்பு முன்வந்து நிற்காதவரை அந்த அறிவிப்பு தாளோடு நின்றுவிடும்.

மலாவியையே நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கட்டுரையாளர் பரிந்துரைக்கும் விதை, உர வழியை அந்த நாடு முழு மனதோடு முயன்று பார்த்தது. 2001-02-ல் கொடும் பஞ்சத்தையும் 2005-ல் மீண்டும் மோசமான அறுவடையையும் கண்ட பிறகு, அதிபர் பிங்கு வா முத்தாரிகாவின் அரசு, உதவி நாடுகள் பலவற்றின் தயக்கத்தையும் மீறி, சிறு உழவர்களுக்கு உரமும் வீரிய மக்காச்சோள விதையும் மானிய விலையில் கிடைக்கக் கூப்பன் வழங்கியது. 2005-ல் சுமார் 12 லட்சம் டன்னாக இருந்த மக்காச்சோள விளைச்சல் 2006-ல் இரு மடங்கைத் தாண்டியதாகவும், 2007-ல் 30 லட்சம் டன்னையும் தாண்டியதாகவும் அரசின் கணக்கு சொன்னது. பஞ்சத்தில் தவித்த நாடு அந்த ஆண்டு ஜிம்பாப்வேக்கு மக்காச்சோளம் அனுப்பியது. மழையும் அந்த ஆண்டுகளில் நன்றாகப் பெய்தது என்பதையும், அரசின் கணக்கு மிகையென்று சொன்ன வல்லுநர்கள் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அது பெரிய சாதனை. பசித்த வயிறுகளுக்கு அந்த ஆண்டுகளில் சோறு கிடைத்தது.

ஆனால் அந்த வழி நெடுந்தூரம் போகவில்லை. உரம் முழுவதும் இறக்குமதி. கடற்கரையே இல்லாத நாட்டுக்கு அது மொசாம்பிக், தான்சானியத் துறைமுகங்களிலிருந்து வண்டி வாடகை கொடுத்து வந்துசேர வேண்டும். 2008-ல் உலகச் சந்தையில் உர விலை எகிறியதும் மானியச் செலவும் எகிறியது. பல ஆண்டுகள் வேளாண் துறையின் நிதியில் பாதிக்கு மேல் இந்த ஒரே திட்டம் தின்றது. விரிவாக்கப் பணிக்கும் சாலைக்கும் பாசனத்துக்கும் மிஞ்சியது சொற்பம். மக்காச்சோளத்தையே மேலும் மேலும் போட்ட நிலத்தில் மண்ணின் அங்ககச் சத்து குறைந்தது. அப்படிப்பட்ட மண்ணில் போடும் உரத்துக்குப் பயிர் பழைய அளவுக்கு ஈடுகொடுப்பதில்லை. 2015-16-ல் எல் நினோ வறட்சி வந்தபோது சுமார் 65 லட்சம் பேர் உணவு உதவியை எதிர்பார்த்து நின்றார்கள். 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் தென் மலாவியைச் சிதைத்தது. அடுத்த ஆண்டே மீண்டும் வறட்சி வர, 2024 மார்ச்சில் அரசு பேரிடர் நிலையை அறிவித்தது.

இந்த இடத்தில்தான் துவரை வருகிறது. தென் மலாவியின் முலாஞ்சே, தியோலோ, சிராட்சுலு, பலோம்பே மாவட்டங்களில் ஒரு குடும்பத்தின் கையிலுள்ள நிலம் மிகவும் சிறிது. ஓர் எக்டேர் இருந்தாலே பெரிது. ஆப்பிரிக்காவில் தரிசு நிலம் கொட்டிக் கிடக்கிறது என்று எழுதுபவர்கள் அந்த மாவட்டங்களைக் கருத்தில் கொள்வதில்லை. அங்கே ‘நண்டோலோ’ எனப்படும் நெடுங்காலத் துவரையை மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராகப் போடுவது பழைய வழக்கம். நவம்பர், டிசம்பரில் முதல் மழைக்கு இரண்டையும் ஒன்றாக ஊன்றுகிறார்கள். துவரை தொடக்கத்தில் மெதுவாக வளர்வதால் மக்காச்சோளத்தோடு போட்டியிடாது. ஏப்ரல், மே மாதங்களில் மக்காச்சோளம் வீடு சேர்ந்த பிறகு, மண்ணில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டு துவரை தழைத்துப் பூத்துக் காய்க்கும். பச்சைக்காயை உரித்து வேகவைத்து உண்கிறார்கள். முற்றிய பயறு ஜூலை முதல் செப்டம்பர் வரை களத்துக்கு வரும். அடித்தெடுத்த பின் எஞ்சும் மிளாறு அடுப்பெரிக்கிறது. விறகுக்காகப் பெண்கள் நெடுந்தொலைவு நடக்க வேண்டிய ஊர்களில் இது சிறிய உதவியன்று. நம் கரிசல் காட்டில் துவரை போட்டவர்களுக்கு இதில் எதுவும் அந்நியமாகத் தோன்றாது.

மண்ணுக்கு அது செய்வது இன்னும் பெரிது. வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) நிலைநிறுத்துகின்றன. உதிரும் இலைச்சருகு அதை மேல்மண்ணுக்குத் தருகிறது. இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) துவரை வேர் சுரக்கும் அமிலம் விடுவிக்கிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. செம்மண் நிலங்களில் இதன் பயன் சொல்லி முடியாது. மலாவியில் பல ஆண்டுகள் உழவர்களின் வயல்களிலேயே நடத்தி 2010-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், மக்காச்சோளத்தோடு துவரை போன்ற புதர்வகைப் பருப்புப் பயிர்களை மாற்றிப் பயிரிட்டபோது, பாதி உரத்திலேயே முழு உரத்துக்கு ஈடான தானியம் கிடைத்தது. ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் ஏறி இறங்குவதும் குறைந்தது. மொத்தத்தில் புரதமும் கூடுதல். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்த நாட்டில் அந்தப் புரதத்தின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. நிலக்கடலையையும் துவரையையும் ஒரே வயலில் சேர்த்துப் போட்டு அடுத்த ஆண்டு மக்காச்சோளம் போடும் முறையையும் அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வகுத்துப் பரப்பிவருகிறார்கள். ஹைதராபாத்தை அடுத்த பட்டாஞ்சேருவைத் தலைமையிடமாகக் கொண்ட இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், கிழக்கு ஆப்பிரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து வாடல் நோயைத் தாங்கும் துவரை ரகங்களை அங்கே கொண்டுவந்தது. ஆக, விதையும் வித்தையும் இல்லாமல் இல்லை.

இவற்றுக்கும் மேலாக, துவரைப் பணம் வரும் காலத்தைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் துவரையை விற்று வரும் காசில்தான் அந்தக் குடும்பம் நவம்பர் மழைக்கு முன் விதையும் உரமும் வாங்குகிறது. பள்ளிக் கட்டணம் கட்டுகிறது. கையிருப்பு தீர்ந்து சோறு இல்லாத ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு மக்காச்சோளம் வாங்கி வைக்கிறது. எனவே துவரை விலை விழுந்தால் அந்த ஆண்டின் வருமானம் போவதோடு முடிவதில்லை. அடுத்த ஆண்டின் மக்காச்சோளமும் மெலிகிறது. அரசு மானியக் கூப்பன் கொடுத்தாலும் உழவர் தன் பங்குக் காசைக் கட்டித்தானே உரத்தை எடுக்க வேண்டும்?

அந்தத் துவரையை அள்ளி வாங்கும் சந்தை உலகில் ஒன்றுதான்; அது இந்தியா. உலகத் துவரையில் பெரும்பங்கை விளைவிப்பதும் நாம்தான், உண்பதும் நாம்தான். மலாவி, மொசாம்பிக், தான்சானியா, கென்யா ஆகிய நாடுகளும் மியான்மரும் விளைவித்து விற்பது பெரும்பாலும் நமக்காகவே. ஆப்பிரிக்கத் துவரை நம் துறைமுகத்துக்கு வரும் பருவம், உள்நாட்டில் பழைய இருப்பு தீர்ந்து டிசம்பர் முதல் வரும் புதுத் துவரை இன்னும் களம் சேராத இடைவெளி. ஆலைகள் ஓட்டம் நிற்காமல் இருப்பதற்கு ‘அருஷா’, ‘மட்வாரா’, ‘கஜரி’ என்று வணிகர்கள் பெயரிட்டு அழைக்கும் அந்தச் சரக்கு எவ்வளவு துணை என்பது விருதுநகர் வணிகர்கள் அனைவருக்கும் தெரியும். நம் சாம்பாரிலும் நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பிலும் எந்த நாட்டு மண் எத்தனை பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது 2017-ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2015-ன் பிற்பகுதியில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது நாடே பதறியது. 2016 ஜூலையில் பிரதமர் மோடி மொசாம்பிக் சென்றபோது, அந்நாட்டிலிருந்து பருப்பு வகைகள் வாங்குவதற்கான உடன்பாடு கையெழுத்தானது. முதல் ஆண்டில் 1 லட்சம் டன், 2020-21-ல் 2 லட்சம் டன் என்று அளவு குறிக்கப்பட்டது. இந்தியா வாங்கும் என்ற செய்தி எல்லை தாண்டியும் பரவியது. உழவர்கள் நம்பி விதைத்தார்கள். இதற்கிடையே நம் நாட்டில் மழையும் விலையும் கைகொடுக்க, 2015-16-ல் 26 லட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த துவரை விளைச்சல் 2016-17-ல் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. 2017 ஆகஸ்ட் 5-ஆம் நாள், துவரை இறக்குமதியை ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்குள் கட்டுப்படுத்தி மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அரசுகளுக்கிடையிலான உடன்பாட்டின்படி வரும் சரக்குக்கு மட்டும் விலக்கு இருந்தது. மலாவிக்கும் தான்சானியாவுக்கும் கென்யாவுக்கும் அப்படி ஓர் உடன்பாடு அப்போது இல்லை.

தேதியைப் பாருங்கள். ஆகஸ்ட் மாதம்! முந்தைய நவம்பரில் ஊன்றி, களையெடுத்து, ஒன்பது மாதம் காத்து, களத்தில் அடித்துக் குவித்திருந்த நேரத்தில் வாங்குபவர் வாசலை அடைத்தார். விலை அடியோடு சரிந்தது. உடன்பாடு இருந்த மொசாம்பிக்கிலேயே முந்தைய ஆண்டு விலையில் ஒரு சிறு பங்குக்கும் கேட்பாரில்லை. உடன்பாட்டின் அளவுக்கு மேல் விளைந்திருந்த சரக்கு கிடங்கில் தேங்கியது. கோணிச் செலவுக்குக் கூடக் கட்டாத விலைக்கு விற்பதா, வண்டு அரிக்க விட்டுவிடுவதா என்பதே பலருக்கு எஞ்சிய தெரிவு. ஒரு வீரிய விதைத் திட்டம் பத்தாண்டுகளில் ஊட்டிய நம்பிக்கையை ஒரு பக்க அறிவிக்கை ஒரே பருவத்தில் கலைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டு நம் உழவர்கள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று ஆதரவு விலை அறிவித்திருந்தும், கர்நாடகத்தின் கலபுர்கியிலும் மகாராஷ்டிரத்தின் மராத்வாடாவிலும் அதைவிட மிகக் குறைந்த விலைக்குத் துவரையை விற்க நேர்ந்தது. அவர்களைக் காக்க வேண்டியது அரசின் முதற்கடமை; அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் உள்நாட்டுக் கொள்முதலை நேரத்தில் தொடங்குவதும், மூட்டைகளை எடுக்கப் போதிய சாக்கும் கிடங்கும் பணமும் வைத்திருப்பதும் அதற்கான வழி. விலை ஏறும்போது ஏழை நாட்டு உழவரைக் கூவி அழைப்பதும், இறங்கும்போது களத்துச் சரக்கோடு கைவிடுவதும் யாருக்கும் நிலையான பாதுகாப்பைத் தரவில்லை. அடுத்து விலை ஏறியபோது, 2021 மே மாதத்தில், இறக்குமதியைத் தடையின்றித் திறந்துவிட வேண்டிய நிலை நமக்கே வந்தது. அதே ஆண்டு மலாவியோடு ஆண்டுக்கு 50,000 டன் துவரைக்கும் மியான்மரோடு 1 லட்சம் டன்னுக்கும் ஐந்தாண்டு உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது; மொசாம்பிக் உடன்பாடும் நீட்டிக்கப்பட்டது. இது நல்ல மாற்றம், மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும் போதாது. உடன்பாடுகளில் அளவு உண்டு. உழவருக்குச் சேர வேண்டிய விலை பற்றிய உறுதி இல்லை. தடையற்ற இறக்குமதியோ ‘அடுத்த மார்ச் 31 வரை’ என்றே பெரும்பாலும் நீட்டிக்கப்பட்டுவந்திருக்கிறது. நவம்பரில் ஊன்றி ஆகஸ்டில் விற்கும் பயிருக்கு, நடுவில் மார்ச்சில் காலாவதியாகும் அனுமதியால் என்ன நிம்மதி கிடைக்கும்?

ஆப்பிரிக்க அரசுகளின் பொறுப்பையும் சொல்லாமல் விட முடியாது. 2003-ல் மொசாம்பிக் தலைநகர் மபுட்டோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் நாட்டின் செலவுத் திட்டத்தில் 10 விழுக்காட்டை வேளாண்மைக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தார்கள். 2014-ல் ஈக்குவடோரியல் கினியின் மலாபோ நகரில் 2025-க்குள் பசியை ஒழிப்பதாக அறிவித்தார்கள். சில நாடுகளே அந்த ஒதுக்கீட்டைத் தொட்டன; பசி ஒழியவில்லை. 2023-ல் மொசாம்பிக்கின் நகாலா துறைமுகத்தில் ஏற்றுமதியாளர்களுக்கிடையிலான வழக்கால் துவரை மாதக்கணக்கில் தேங்கி, இங்கே விலை ஏறியது, அங்கே உழவர் வாடினார். தான்சானியா, உழவர் கூட்டுறவுகளின் கிடங்கில் சரக்கைச் சேர்த்து, ரசீது கொடுத்து, வெளிப்படையான ஏலத்தில் விற்கும் முறையைத் துவரைக்கும் கொண்டுவந்திருக்கிறது. பணம் வர நாளாகிறது என்ற குறை அதிலும் உண்டு. ஆனால் தனித்தனியாக வாசலில் நின்று விற்பதைவிடச் சேர்ந்து விற்பது மேல். காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகளில் பயறைக் கட்டி வைத்தால் மருந்தில்லாமலே வண்டு மடிகிறது என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறில் மெய்ப்பிக்கப்பட்டு இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஒரு பை இருந்தால் அறுவடை வாரத்திலேயே விற்றாக வேண்டிய நெருக்கடி அந்த வீட்டுக்குத் தணிகிறது.

பருப்பு உடைக்கும் வேலையும் அங்கேயே நடக்க வேண்டும். மலாவியின் பிளாண்டயர், லிம்பே பகுதிகளில் பருப்பு ஆலைகள் உண்டு. முழுத் துவரையாக ஏற்றுமதி செய்வதைவிட உடைத்த பருப்பாக அனுப்பினால் கூலியும் ஆதாயமும் அந்த மண்ணில் தங்கும். குருணையும் பொட்டும் அங்குள்ள மாடுகளுக்குத் தீவனமாகும். பருப்பு ஆலையில் வாழ்நாளைக் கழித்த நான் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முழுத் துவரை வராவிட்டால் நம் ஆலைகளில் சிலவற்றுக்கு வேலை குறையும் என்பதை அறிந்தே சொல்கிறேன். மேலும், பள்ளிச் சத்துணவில் அந்நாடுகள் தம் துவரையைச் சேர்த்தால், தில்லியில் எடுக்கும் முடிவுக்காக முழு விளைச்சலும் காத்திருக்க வேண்டியதில்லை. மதிய உணவில் பருப்பு சேர்த்து ஒரு தலைமுறையை வளர்த்த தமிழ்நாட்டின் பட்டறிவை அவர்களோடு பகிர்ந்துகொள்ள நம் மாநில அரசு முன்வரலாம்.

ஆகவே மத்திய வணிகத் துறைக்கும் நுகர்வோர் நலத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் இது. துவரை இறக்குமதி பற்றிய முடிவை, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் விதைப்பு தொடங்கும் நவம்பருக்கு முன்பாக, குறைந்தது அந்தப் பயிர் விற்று முடியும் அடுத்த ஆண்டு டிசம்பர் வரைக்கும் செல்லுமாறு அறிவியுங்கள். கட்டுப்பாடு தவிர்க்க முடியாததென்றால், அது அறிவித்த பின் விதைக்கப்படும் பயிருக்கு மட்டும் பொருந்தட்டும். களத்தில் கிடக்கும் பயிருக்கு வேண்டாம். உடன்பாடுகளைப் புதுப்பிக்கும்போது தான்சானியாவையும் கென்யாவையும் சேர்த்துக்கொண்டு, உழவர் கூட்டுறவுகளிடமிருந்து நேரடியாக வாங்கும் பங்கு ஒன்றை அவற்றில் எழுதுங்கள். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் விருதுநகர்ச் சந்தை விலையோடு, ஜூலை முதல் அக்டோபர் வரையாவது, அந்நாட்டு உழவருக்குக் கிடைக்கும் துவரை விலையையும் வெளியிட்டால், நாம் கொடுக்கும் விலைக்கும் அவர்கள் வாங்கும் விலைக்கும் உள்ள தூரத்தை வாசகர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பருப்பு ஆலைக் கணக்கர்,
விருதுநகர்.